நோவாவின் மேல் ஒரு போர்வை

பத்துக் கட்டளைகளுள் நான்காவதை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். தாய் தந்தையரை மதித்தல் என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், அவர்களுக்குக் கீழ்ப்படிதல், முதுமையில் அவர்களைப் பேணுதல், இறந்தபின் அவர்களுக்காகச் செபித்தல் என்று மூன்று விடைகளையும் தடையின்றிச் சொல்வோம். ஆனால் பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அதை விட்டுப் பிரிந்துபோன தாயை அப்பிள்ளை எவ்வாறு மதிப்பது? கீழ்ப்படிய அவர் அருகில் இல்லை. முதுமையில் பேணவும் வாய்ப்பில்லை. மீதமிருப்பது இறந்தபின் நினைவுகூர்தல் ஒன்றுதான். அந்த நினைவிலும் இனிமையை விடக் கசப்பே மிகுதி என்றால் என் செய்வது? நான்காம் கட்டளையைப் பற்றிய மறையுரையைக் கேட்கும்போது தலைகுனிந்து அமர்ந்திருப்போர் எல்லா ஆலயங்களிலும் சிலராவது உண்டு. அவர்களுக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று.

இக்கேள்வியைத் தொடும் நிகழ்ச்சி ஒன்று தொடக்கநூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வருகிறது. வெள்ளம் வடிந்தபின் திராட்சைத் தோட்டம் பயிரிட்ட நோவா, அதன் இரசத்தைக் குடித்து மயங்கித் தம் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடக்கிறார். மகன் காம் அதைக் கண்டு, வெளியே வந்து தன் சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் எப்பேத்தும் ஒரு மேலாடையை எடுத்துத் தோள்மீது போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியவாறே பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடுகிறார்கள். தந்தை குடித்திருந்தார் என்பது மூவருக்கும் தெரியும். அவர்களுள் யாரும் அதை இல்லையென்று சொல்லவில்லை. தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததில்தான் வேறுபாடு இருக்கிறது.

தன் பெற்றோரைப் பற்றிப் பாடவோ எழுதவோ முற்படும் எந்தக் கலைஞனும் இந்தக் கூடார வாயிலில்தான் நிற்கிறான். அவன் காமின் வேலையைச் செய்கிறானா, சேமின் வேலையைச் செய்கிறானா? அமெரிக்க இசைக்கலைஞர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் தம் தாயைப் பற்றி 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கேரி அண்ட் லோவெல்' என்னும் இசைத்தொகுப்பை முதன்முதலாகக் கேட்டபோது, இவர் காம்தான் என்று நான் முடிவு செய்தேன். பெற்றவளின் குறைகளை உலகறியப் பாடுவதா என்று மனம் சுளித்தது. பின்னர்ப் பலமுறை கேட்டபின் அம்முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏன் மாற்றிக்கொண்டேன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனியறையில் பிறந்த இசை

சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவருக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். அவர் பிறந்தபோது பெற்றோர், இந்தோனேசியாவில் தோன்றிய 'சுபுத்' என்னும் ஆன்மிக இயக்கத்தைச் சேர்ந்திருந்தனர். அவ்வியக்கத்தின் நிறுவனர் இட்ட பெயர் அது. தாய் கேரி மனநோயாலும் போதைப் பழக்கத்தாலும் அலைக்கழிக்கப்பட்டவர். மகனுக்கு ஒரு வயதாயிருந்தபோது குடும்பத்தை விட்டுச் சென்றார். தந்தை ரஸ்ஜித்தும் மாற்றாந்தாயும் பிள்ளைகளை மிச்சிகனில் வளர்த்தனர்.

பிரிந்து சென்ற கேரி பின்னர் லோவெல் பிராம்ஸ் என்பவரை மணந்துகொண்டு ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1980-களின் தொடக்கத்தில் மூன்று கோடை விடுமுறைகளைப் பிள்ளைகள் அவர்களோடு கழித்தனர். தாயோடு வாழ்ந்த காலம் என்று சுஃப்யான் சொல்லிக்கொள்ளக் கூடியது பெரும்பாலும் அந்த மூன்று கோடைகள்தாம். சில ஆண்டுகளில் அத்திருமணமும் முறிந்தது. ஆனால் லோவெல் பிள்ளைகளை மறக்கவில்லை. 1999-இல் சுஃப்யான் தம் பாடல்களை வெளியிட 'ஆஸ்த்மாட்டிக் கிட்டி' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியபோது அதில் பங்காளியாக நின்றவர் இந்த லோவெல்தான். வளர்ப்புத் தந்தை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் புனித சூசையப்பர். அவரைப் போலவே இவரும் அதிகம் பேசாதவராய், தொழிற்கூடத்தைப் பார்த்துக்கொள்பவராய் இக்கதையில் நிற்கிறார்.

பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் இசை வெளியிடுவோர்க்குப் பொருள் வசதி குறைவு. காலமும் விருப்பமும் அவர்கள் கையில். சுஃப்யானின் படைப்புமுறையை இவ்விரண்டும் சேர்ந்தே உருவாக்கின. பள்ளியில் ஓபோ என்னும் துளைக்கருவியை முறையாகப் பயின்றவர் அவர். பின்னர் கிட்டார், பாஞ்சோ, பியானோ எனப் பலவற்றைத் தாமே வாசிக்கக் கற்றார். நியூயார்க்கில் உள்ள நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். இந்த இலக்கியப் பயிற்சி அவருடைய பாடல்களில் தெளிவாகத் தெரிகிறது. உணர்ச்சியை நேராகச் சொல்லாமல் ஒரு பொருளை, ஓர் இடத்தை, ஒரு நாளைச் சொல்லி நிறுத்திவிடும் சிறுகதை ஆசிரியரின் பழக்கம் அவருக்கு உண்டு.

அவருக்குப் புகழ் தந்த 'இல்லினாய்' (2005) தொகுப்பு உருவான விதத்தைப் பாருங்கள். அம்மாநிலத்தைப் பற்றிப் பாட விரும்பியவர், சால் பெல்லோ, கார்ல் சாண்ட்பர்க் ஆகியோரின் நூல்களைப் படித்தார். வரலாற்று நூல்களையும் குடியேறியோர் பற்றிய ஆவணங்களையும் ஆராய்ந்தார். பிறகு விலை குறைந்த ஒலிவாங்கிகளையும் எட்டுத் தடங்கள் கொண்ட ஓர் எளிய பதிவுக் கருவியையும் வைத்துக்கொண்டு தாமே வாசித்து, தாமே பதிந்து, தாமே கோத்தார். நரம்பிசைக் குழுவையும் பாடற்குழுவையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். கேட்பவர்க்கு அது பெரிய அரங்கில் பெரிய இசைக்குழு வாசித்ததாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு தனி மனிதர் பொறுமையாக அடுக்கிய அடுக்கு.

அடுக்குவதும் அகற்றுவதும்

அடுக்குதல் சுஃப்யானின் வலிமை. அவருடைய சோதனையும் அதுவே. 'இல்லினாயில்' 22 பாடல்கள். அதற்கு முன்னர் தம் சொந்த மாநிலத்தைப் பற்றி 'மிச்சிகன்' (2003) தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொன்று வரும் என்று அறிவித்தார். இரண்டோடு நின்றது. அந்த அறிவிப்பு ஒரு விளம்பர உத்தியே என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 'தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்' (2010) தொகுப்பில் மின்னணு ஓசைகளும் ஊதுகருவிகளும் கூட்டுக்குரல்களும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன; அதன் கடைசிப் பாடல் மட்டுமே 25 நிமிடங்களைத் தாண்டுகிறது. இயந்திரத் தாளங்களைக் கொண்டு பெரும்பாலும் தனியாகவே செய்த 'தி அசென்ஷன்' (2020) 80 நிமிடங்கள் நீள்கிறது. இவற்றில் அரிய இடங்கள் உண்டு. ஆனால் எதையும் விட மனமில்லாதவரின் வீட்டைப் போல இவை நிரம்பி வழிகின்றன. தனியாகப் பணிசெய்பவருக்கு "போதும்" என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லாதது இழப்பே.

இதற்கு மாறாக, அவர் அகற்றத் துணிந்த இடங்களில் அவருடைய நம்பிக்கை வெளிப்படுகிறது. 'செவன் ஸ்வான்ஸ்' (2004) என்ற தொகுப்பு பாஞ்சோவும் மென்குரலும் முன்னிற்கும் எளிய படைப்பு. ஆபிரகாமைப் பற்றி ஒரு பாடல், ஆண்டவரின் உருமாற்றத்தைப் பற்றி ஒரு பாடல், திருவெளிப்பாடு நூலின் அச்சத்தைத் தாங்கிய தலைப்புப் பாடல் ஆகியன இதில் உள்ளன. கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓகானரின் புகழ்பெற்ற சிறுகதை ஒன்றின் தலைப்பைத் தாங்கிய பாடலும் உண்டு. ஆயினும் கிறிஸ்தவ இசை என்ற முத்திரையோடு விற்கப்படும் சரக்கோடு இவர் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை. அறிவுரை சொல்வதற்காக இவர் பாடுவதில்லை என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'இல்லினாய்' தொகுப்பிலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. 'காசிமிர் புலாஸ்கி டே' என்பது அம்மாநிலத்தில் மார்ச் மாத முதல் திங்களன்று கொண்டாடப்படும் விடுமுறை நாள். அப்பெயரைத் தாங்கிய பாடலில் ஓர் இளைஞன், எலும்புப் புற்றுநோயால் வருந்தும் தன் தோழியைப் பற்றிச் சொல்கிறான். விவிலியக் குழுவினர் கைகளை உயர்த்தி அவளுக்காகச் செபிக்கின்றனர். எதுவும் நிகழவில்லை. அந்த விடுமுறை நாளின் காலையில் அவள் இறக்கிறாள். பாடல் இறைவனை மறுப்பதில்லை; அவரைப் பற்றி நியாயம் பேசி நம்மைத் தேற்றுவதுமில்லை. பாஞ்சோ ஒரே சீராகச் செல்ல, எக்காளம் அமைதியாக வந்து சேர்கிறது. செபித்தும் குணமாகாத நோயாளியின் படுக்கையருகே நின்றவர்களுக்கு இப்பாடலில் பொய்யில்லை என்பது விளங்கும். திருப்பாடல்கள் நூலில் 88-ஆம் பாடல் மற்றப் புலம்பல்களைப் போல இறுதியில் புகழ்ச்சிக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

தாயின் படுக்கையருகே

2012-ஆம் ஆண்டு டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த தாயை மகன் சென்று கண்டார். அதற்குப்பின் வந்த துயரம் தாம் எதிர்பாராத வகையில் தம்மைச் சிதைத்தது என்று அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். அருகிருந்து வளர்த்த தாயை இழந்தவர்க்கு நினைவுகள் துணையிருக்கும். இவருக்கோ, இனி ஒருநாள் நெருக்கம் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தத் துயரத்தில் பிறந்த பாடல்களை அவர் ஒரே இடத்தில் அமர்ந்து பதியவில்லை. புரூக்ளினில் இருந்த தம் பணியறையிலும், நண்பர்களின் பதிவுக்கூடங்களிலும், ஆரிகன் மாநிலத்தின் கிளமத் ஃபால்ஸ் என்னும் ஊரில் ஒரு விடுதி அறையிலும் சிறிது சிறிதாகப் பதிந்தார். விடுதி அறையில் அவர் பயன்படுத்தியது தம் கைப்பேசியைத்தான். பிறகு, அண்மையில் தம் சகோதரனை இழந்திருந்த தாமஸ் பார்ட்லெட் என்ற இசைக்கலைஞர், குவிந்து கிடந்த பதிவுகளைத் தெரிந்தெடுத்து வடிவம் தர உதவினார். "போதும்" என்று சொல்ல இம்முறை அருகில் ஒருவர் இருந்தார். அவரும் துயரம் அறிந்தவர். இத்தொகுப்பின் கட்டுக்கோப்புக்கு இது பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

பதினொரு பாடல்கள்; 43 நிமிடங்கள். தாளக் கருவிகள் ஏறத்தாழ இல்லை. விரல்களால் மீட்டும் நரம்புக் கருவி ஒன்று, குரல், சில இடங்களில் பியானோ, பாடல் முடிந்தபின் சற்று நேரம் தங்கி மறையும் நீண்ட ஓசை ஆகியவையே உள்ளன. 2015 மார்ச் 31-ஆம் நாள் இது வெளிவந்தது. அந்த ஆண்டில் அது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை.

தொடக்கத்தில் நான் மனம் சுளித்ததற்குக் காரணங்கள் இருந்தன. 'ஷுட் ஹேவ் நோன் பெட்டர்' என்ற பாடலில், மூன்று நான்கு வயதுப் பிள்ளையை ஒரு காணொளிக் கடையில் தாய் விட்டுச் சென்ற நினைவு வருகிறது. பிற பாடல்களில் அவருடைய குடியும் பிரிவும் மறைக்கப்படவில்லை. முதல் பாடலின் தலைப்பே 'மாண்புடன் மரணம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். தீரா நோயாளிகள் மருத்துவரிடம் மருந்து பெற்றுத் தம் உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் ஆரிகன் மாநிலச் சட்டத்தின் பெயர் அது. 1997-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை நம் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அறிந்த எனக்குத் தலைப்பே உறுத்தியது.

ஆனால் பாடலைக் கேட்டால் அச்சட்டத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தாயை மன்னிக்கும் சொல் அந்த முதல் பாடலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இதைத்தான் நான் முதலில் கவனிக்கத் தவறினேன். வழக்கு மன்றத்தில் குற்றங்களை முதலில் அடுக்குவார்கள். மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அது கடைசியில் வரும். இங்கோ மன்னிப்பு முதலில் வருகிறது. அதற்குப்பின் வரும் குறைகளை எல்லாம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட ஒருவரின் குறைகளாகத்தான் நாம் கேட்கிறோம்.

இரண்டாவதாக, குரல். சுஃப்யான் இங்கே உரத்துப் பாடுவதில்லை. தம் மெல்லிய குரலையே இருமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். அதனால் சொற்கள் கூர்மை இழந்து, பனி மூடியதைப் போல வந்து சேர்கின்றன. வெளியே வந்து சகோதரர்களிடம் சொன்ன காமின் குரல் இப்படி இருந்திருக்காது. செய்தியை அறிவிப்பவன் இத்தனை தாழ்ந்த குரலில் பேசமாட்டான். கூடாரத்துக்குள் உறங்குபவரை எழுப்பிவிடக் கூடாதே என்று அஞ்சுபவனின் குரல் இது.

மூன்றாவதாக, இத்தொகுப்பில் மிகுதியாகக் குற்றம் சாட்டப்படுபவர் தாய் அல்லர், மகனே. 'தி ஒன்லி திங்' என்ற பாடலில் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு வந்ததையும், எதனால் அதிலிருந்து தடுக்கப்பட்டார் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். 'ஜான் மை பிலவ்ட்' என்ற தலைப்பில் ஆண்டவரின் அன்புச் சீடர் நினைவுக்கு வருகிறார். வேறொரு பாடல் சிலுவையின் நிழலில்கூடத் தமக்கு நிழல் கிட்டவில்லை என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. சிலுவையை வெறும் ஆறுதல் சின்னமாகக் கருதிப் பழகிவிட்ட நமக்கு அத்தலைப்பே ஒரு சிறு தியானம்.

நான்காவதாக, 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்ற பாடல். தொகுப்பின் நெஞ்சம் என்று இதைச் சொல்லலாம். சாகும் தாயும் அருகிலிருக்கும் மகனும் மாறி மாறிப் பேசிக்கொள்வதாக அமைந்தது. தாய் மகனைச் செல்லப் பெயர்களால் அழைக்கிறார். தம்மால் தர இயலாமற்போன கல்வியை, அன்பை எண்ணி, இருக்கும் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். இது கற்பனை உரையாடல். வாழ்நாளில் தாய் சொல்ல நேரமில்லாது போன கொஞ்சும் சொற்களை மகன் தாமே இயற்றி அவர் வாயில் வைக்கிறார். நோவாவின் பிள்ளைகள் மேலாடையைத் தாங்களே எடுத்து வந்து அவர்மேல் போர்த்தினார்கள். அதுபோல, இப்பாடலில் தாயை மூடியிருக்கும் அன்பு மகன் நெய்தது. பாடலின் இறுதியில், மனிதர் யாவரும் இறப்பவரே என்னும் வெறும் உண்மை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது நாம் கேட்பதும் இதைத்தான்.

குறை இல்லாத படைப்பு என்று சொல்லமாட்டேன். பதினொரு பாடல்களும் ஏறத்தாழ ஒரே நடையில் செல்கின்றன. இசை மிகவும் அழகாக இருப்பதால் சில வேளைகளில் துயரமே இனிக்கத் தொடங்கிவிடுகிறது. பிறர் இழப்பைக் கேட்டு மெல்லக் கண்கலங்கி மனநிறைவு அடையும் ஆபத்து கேட்பவர்க்கு உண்டு. 'யூஜீன்' பாடலில், தம் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் ஒரு கார் நிறுவனத்தின் பெயரால் தம்மை அழைத்த நீச்சல் ஆசிரியரை அவர் நினைவுகூர்கிறார். சிறுவனின் கண்ணால் கண்ட இத்தகைய உலர்ந்த செய்திகள் வரும் இடங்களில் அந்த ஆபத்து நீங்குகிறது. இவை இன்னும் சில இருந்திருக்கலாம்.

தந்தையர் இருவர்

நான்காம் கட்டளை தாயை மட்டும் சொல்லவில்லை. சுஃப்யானின் பிற்காலப் பணியைப் பார்த்தால், அறிந்தோ அறியாமலோ, மற்ற இருவருக்கும் தம் கடனைச் செலுத்தியிருக்கிறார் என்பது தெரியும்.

'அபோரியா' (மார்ச் 2020) அவரும் லோவெல் பிராம்ஸும் சேர்ந்து உருவாக்கியது. லோவெல் வந்து தங்கும் நாட்களில் இருவரும் பொழுதுபோக்காக வாசித்துப் பதிந்து வைத்தவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட சிறு இசைத்துண்டுகள் இவை. பெரும்பாலானவற்றில் சொற்கள் இல்லை. லோவெல் நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றதை ஒட்டி வெளிவந்தது. இசைநோக்கில் இது எளிய படைப்பே. ஆயினும் வளர்ப்புத் தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து வேலை செய்வதை நம்மால் கேட்க முடிகிறது. அது போதுமானது.

அதே ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் 'தி அசென்ஷன்' வெளிவந்தது. இரண்டு நாட்களுக்குப் பின் தந்தை ரஸ்ஜித் இறந்தார். அவருக்காக 2021-இல் வெளியிட்ட 'கான்வொகேஷன்ஸ்' ஐந்து பகுதிகளில் 49 இசைக்கோவைகளைக் கொண்டது. பாடல் வரிகள் இல்லை. தியானங்கள், புலம்பல்கள், வெளிப்பாடுகள், கொண்டாட்டங்கள், மந்திரங்கள் என்று பகுதிகளுக்குப் பெயர். இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் இதைக் கேட்பது கடினம். அடுக்கும் பழக்கம் மீண்டும் அவரை வென்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. பிரிந்து சென்ற தாய்க்குச் சொற்கள் தேவைப்பட்டன; சொல்லாமல் விட்டது அத்தனை இருந்தது. உடனிருந்து வளர்த்த தந்தைக்கு அவை தேவைப்படவில்லை. இழப்புகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பதை இவ்விரு படைப்புகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

2023 அக்டோபரில் வெளிவந்த 'ஜாவலின்' தொகுப்பைப் பெரும்பாலும் தம் வீட்டிலேயே செய்தார். சில பாடகியர் குரல் தந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் இறந்த தம் வாழ்க்கைத் துணைவர் எவன்ஸ் ரிச்சர்ட்சனுக்கு அதைப் படையல் செய்தார். அப்போது சுஃப்யானே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயால் கால் முடங்கி மருத்துவமனையில் மீண்டும் நடக்கப் பயின்றுகொண்டிருந்தார். தனிமையில் மெல்லத் தொடங்கிப் பல குரல்களோடு உயரும் இப்பாடல்களில், அடுக்கவும் அகற்றவும் அவர் இறுதியாகக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று தோன்றுகிறது.

கலைஞரின் கேள்வி

2025-இல் 'கேரி அண்ட் லோவெல்' தொகுப்பின் பத்தாண்டு நிறைவுப் பதிப்பு வெளிவந்தது. பத்தாண்டுகளாக எண்ணற்றோர் போற்றிய அப்படைப்பைப் பற்றி சுஃப்யான் அப்போது அளித்த நேர்காணல் ஒன்று எனக்கு வியப்பளித்தது. அதைத் தம் கலையின் தோல்வி என்றே அவர் கருதுகிறாராம். பொருளற்ற ஒன்றுக்குப் பொருள் காண முயன்றதாகவும், தன்னலத்தோடு நடந்துகொண்டதாகவும், குழப்பத்திலிருந்து அழகை உருவாக்கும் தம் வழக்கமான முறை தம்மைக் கைவிட்டதாகவும் கூறினார்.

படைத்தவரே இப்படிச் சொன்னபின் பாராட்டும் நாம் என்ன சொல்வது? அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. துயரம் இனிக்கத் தொடங்குகிறது என்று நான் மேலே குறிப்பிட்ட குறைக்கு இது நெருங்கியதே. இறந்த தாயால் இப்பாடல்களுக்கு மறுமொழி சொல்ல இயலாது. 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' பாடலில் அவர் பேசும் சொற்களும் அவருடையவை அல்ல. அந்த மேலாடைக்குள் இருந்த உண்மையான கேரி யார் என்பது மகனுக்கும் முழுமையாகத் தெரியாது; நமக்கோ தெரியவே தெரியாது.

எனினும் அவருடைய தீர்ப்போடு நான் முழுவதும் உடன்படவில்லை. கூடார வாயிலில் நின்ற காம் தன்னைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்டதாகத் தொடக்கநூல் சொல்லவில்லை. தாயைப் பாடியது முறைதானா என்று பத்தாண்டுகளுக்குப் பின்னும் கேட்டு வருந்துபவர் அவன் வழியில் நடந்தவராக இருக்க முடியாது. பின்னோக்கி நடப்பவர்க்குத் தாம் எங்கே கால்வைக்கிறோம் என்பது தெரிவதில்லை. இடறக் கூடும், போர்வை முழுவதும் மூடாமலும் போகக் கூடும். சேமும் எப்பேத்தும் அதை எவ்வளவு சரியாகப் போர்த்தினார்கள் என்று விவிலியம் அளந்து சொல்லவில்லை.

நான்காம் கட்டளையைக் கேட்டுத் தலைகுனிவோரைப் பற்றித் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். பெற்றோரை மதிப்பதென்றால் அவர்களைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டும் என்று அவர்களுள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது இயலாததால், கட்டளையை மீறியவர்களாகவே தங்களைக் கருதுகிறார்கள். அவர்களுள் ஆங்கிலப் பாடல்களைக் கேட்கும் பழக்கமுள்ளவர் எவரேனும் இருந்தால், ஓர் இரவில் இந்த 43 நிமிடங்களை ஒதுக்கிக் கேட்கும்படி வேண்டுகிறேன். நடந்ததை நடந்ததாகச் சொல்லவும் வேண்டும், சொல்லும்போதே மன்னிக்கவும் வேண்டும் என்னும் அரிய பணியை ஒருவர் தாழ்ந்த குரலில் முயன்று பார்த்திருக்கிறார். தாம் தோற்றுவிட்டதாக அவர் நினைக்கிறார். கேட்டபின் நான் என் தாயின் கல்லறைக்குச் சென்று, நெடுநாள் செபிக்காதிருந்த ஒரு செபத்தைச் சொல்லி வந்தேன்.